ஆவாரம்பூவும் குண்டு எலியும்!

பெங்களூர் ஹைவேயில பஸ்ல போறப்ப ஜன்னல் சீட் கிடைச்சா ஒண்ணு கவனிச்சுப் பாருங்க. வேலூர் தாண்டி பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடின்னு போற வழியெல்லாம் ரோட்டோரத்துல மஞ்சள் மஞ்சளா ஒரு செடி பூத்துக் கிடக்கும். யாரும் தண்ணி ஊத்துறதில்லை, உரம் போடுறதில்லை. ஆடுகூட பெருசா கண்டுக்காது. அதுதான் ஆவாரை. பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுறப்ப மட்டும் நமக்கு ஞாபகம் வரும்.

ஆனா இந்தச் செடிக்கு எங்க ஏரியாவில ரெண்டு வேலை. ஒண்ணு, தோல் பதனிடுறது. இங்கிலீஷ்காரன் இதுக்கு வச்ச பேரே 'டேனர்ஸ் கேசியா', அதாவது தோல் பதனிடுறவன் செடி. குரோமியம் வர்றதுக்கு முந்தி, ஆவாரம்பட்டையைப் பொடிச்சு, குழியில ஊற வச்சு, அந்தத் துவர்ப்புத் தண்ணியில தோலை வாரக்கணக்குல முக்கி வைப்பாங்க. மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலா போன 'ஈஸ்ட் இந்தியா' தோல் எல்லாம் இந்தச் செடி புண்ணியம்தான். ரெண்டாவது வேலை, சர்க்கரை நோய்க்கு மருந்து. ஆவாரை பூத்திருக்கிற ஊர்ல சாவே எட்டிப் பார்க்காதுங்கிற மாதிரி ஒரு பழமொழியே இருக்கு. ஆவாரம்பூ டீ, ஆவாரம்பூ பொடி, ஏழு சரக்கு போட்ட ஆவாரைக் குடிநீர்னு சித்த மருந்துக் கடையில சக்கைப் போடு போடுது.

தோலைப் பதப்படுத்தினதை நம்ம கண்ணால பார்த்துட்டோம். சர்க்கரையைப் பதப்படுத்துமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? இந்தக் கேள்வியோட கிளம்பினேன். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஒரு இன்ஜினை டெஸ்ட் பெஞ்ச்சுல ஏத்தி ஓட்டிப் பார்க்கிற மாதிரிதான் ஒரு மருந்தையும் ஓட்டிப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். பெருசா தப்பில்லை. இங்கே டெஸ்ட் பெஞ்ச்சுக்கு நாலு காலும் ஒரு வாலும் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்!

எங்க தெருவுல எம்.ஃபார்ம் முடிச்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க. "அக்கா, எலியை எப்படி குண்டாக்குவீங்க?"ன்னு நான் ஆரம்பிச்சதும் சிரிச்சுட்டாங்க. "உன்னை உங்கம்மா எப்படி ஆக்குனாங்களோ அப்படித்தான்டா!"

ஒரே சாப்பாடு, ரெண்டு எலி

லேப் எலின்னா நம்ம வீட்டு அரிசி மூட்டையைக் கடிக்கிற ஜாதி இல்லை. ரேஷன் கார்டு மாதிரி நம்பர் போட்ட வம்சம். அதுல சூப்பர் ஸ்டார் 'சி57 பிளாக் 6'ன்னு ஒரு கறுப்புச் சுண்டெலி. 1921-ல கிளாரன்ஸ் குக் லிட்டில்ங்கிற அமெரிக்கர், 57-ம் நம்பர் பெண் எலியில இருந்து உருவாக்கின பரம்பரை. அண்ணன் தங்கைகளையே தலைமுறை தலைமுறையா சேர்த்துச் சேர்த்து, கடைசியில எல்லாமே கிட்டத்தட்ட ஜெராக்ஸ் காப்பி. 2002-ல உலகத்துல முதல் முறையா எலியோட ஜீன் வரைபடத்தை வெளியிட்டப்ப, இந்த வம்சத்தோட வரைபடம்தான் வந்துச்சு.

1988-ல டியூக் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் சர்விட் குழு ஒரு வேலை செஞ்சாங்க. இந்தக் கறுப்பு எலிக்கும், 'ஏ/ஜே'ங்கிற வெள்ளை எலிக்கும் ஒரே மாதிரி கொழுப்பும் சர்க்கரையும் நிறைஞ்ச சாப்பாடு. கறுப்பு எலிக்கு உடம்பு போட்டு, சர்க்கரை ஏறி, இன்சுலின் எகிறிடுச்சு. ஏ/ஜே? அதே சாப்பாடு, ஆனா பெரிய சேதாரம் இல்லாம ஜம்முனு சுத்துச்சு. நம்ம ஹாஸ்டல்லயும் பார்த்திருப்பீங்களே... ரூம் மேட் ரெண்டு பேரும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே கடையில பரோட்டா அடிப்பாங்க. ஒருத்தனுக்கு பேன்ட் பட்டன் தெறிக்கும், இன்னொருத்தன் ஹேங்கர் மாதிரியே இருப்பான். அது சாப்பாட்டோட தப்பு மட்டும் இல்லை, வம்சமும் சேர்ந்து செய்யுற வேலைன்னு அன்னிக்கே எலி சொல்லிடுச்சு.

இன்னிக்கு உலகம் பூரா பல லேப்கள்ல நடக்கிறது இதே ரெசிபிதான். ஆறு வார வயசு ஆண் எலி (பெண் எலி அவ்வளவு சீக்கிரம் குண்டாகாது!). மொத்த கலோரியில 60 சதவீதம் கொழுப்புல இருந்து வர்ற மாதிரி ஒரு தீனி. சாதாரண தீனியில கொழுப்போட பங்கு 10 சதவீதம் சொச்சம்தான். பத்துப் பன்னிரண்டு வாரம் போட்டா, சுமார் 30 கிராம் இருக்க வேண்டிய எலி 40 கிராமைத் தாண்டிடும். கல்லீரல்ல கொழுப்பு படியும், இன்சுலின் இருந்தும் வேலை செய்யாது. ரெடி! இப்ப மருந்து கொடுக்கலாம்.

நம்ம நாட்டுக்கு இந்தத் தீனி விலை கட்டுப்படி ஆகலை. 2005-ல மொஹாலியில இருக்கிற நைப்பர் நிறுவனத்துல கே.சீனிவாசன், பி.ராமாராவ் குழு ஒரு மலிவான வழி கண்டுபிடிச்சாங்க. பெரிய எலிக்கு ரெண்டே வாரம் கொழுப்புத் தீனி. ஒரு கிலோ தீனியில 310 கிராம் பன்றிக் கொழுப்பு, 250 கிராம் கேசீன், 365 கிராம் சாதா தீனி, மிச்சத்துக்கு கொலஸ்ட்ரால், விட்டமின், உப்பு. கடைசியில ஸ்ட்ரெப்டோஸோடோசின்னு ஒரு மருந்தை, உடம்பு எடையில கிலோவுக்கு 35 மில்லிகிராம் கணக்குல ஒரு சின்ன ஊசி. அது கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லை லேசா தட்டி வைக்கும். ரெண்டும் சேர்ந்தா நம்ம ஊர் டைப் 2 சர்க்கரை மாதிரியே ஒரு எலி! இந்த மாடலை உலகம் பூரா காப்பியடிச்சாங்க. "எங்க லேப்ல பாதிப் பேரு தீசிஸ் இதுலதான் ஓடிச்சு"ன்னாங்க அக்கா.

பூவுக்குப் பரீட்சை

சரி, நம்ம ஆவாரைக்கு வருவோம். அதை எலியில டெஸ்ட் பண்ணினது வெளிநாட்டுக்காரங்க இல்லை, நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான். எல்.பாரி, எம்.லதா ரெண்டு பேரும் 2002-ல சிங்கப்பூர் மெடிக்கல் ஜர்னல்ல வெளியிட்டாங்க. ஆவாரம்பூவைத் தண்ணியில போட்டு எடுத்த சாறு. எலி எடையில கிலோவுக்கு 0.45 கிராம், தினமும் வாய் வழியா, 30 நாள். சர்க்கரை இறங்குச்சு, ரத்தக் கொழுப்பும் இறங்குச்சு. கூடவே ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருந்த கிளிபென்கிளமைடு மாத்திரையைவிட நல்லாவே வேலை செஞ்சதுன்னு எழுதியிருந்தாங்க.

படிச்சதும் எனக்கு விசிலடிக்கணும் போல இருந்துச்சு. அக்கா கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. "அந்த எலி எந்த எலி, பார்த்தியா?"

பார்த்தேன். அது கொழுப்புத் தின்னு குண்டான எலி இல்லை. ஸ்ட்ரெப்டோஸோடோசின் ஊசி போட்டு, பீட்டா செல்லை அடிச்சு, சர்க்கரை வர வச்ச எலி. அந்த மருந்து மண்ணுல இருக்கிற ஒரு நுண்ணுயிர்ல இருந்து ஆன்டிபயாடிக்கா கிடைச்சது. இது சர்க்கரை நோயையே உண்டாக்கிடும்னு 1963-ல தெரிஞ்சது. இன்சுலின் சுரக்கிற இடமே சேதமான அந்த எலி வேற. இன்சுலின் சுரந்தும் கேட்காத, தொப்பை போட்ட நம்ம சித்தப்பா வேற. ஒண்ணு பெட்ரோல் டேங்க் ஓட்டையான வண்டி, இன்னொண்ணு கார்புரேட்டர் அடைச்ச வண்டி. ரெண்டும் நின்னுதான் போகும், ஆனா ஒரே ஸ்பேனர் ரெண்டுக்கும் உதவாது.

இன்னொரு விஷயம், கணக்கு. இன்ஜினீயரிங் பசங்களுக்குப் பிடிச்ச ஏரியா! கிலோவுக்கு 0.45 கிராம்னா, 70 கிலோ மனுஷனுக்கு 31.5 கிராம்னு நேரா பெருக்கிடக் கூடாது. சின்ன உடம்பு மருந்தை வேகமா எரிச்சுத் தள்ளிடும். அதனால பெரிய எலியோட டோஸை 6.2 ஆல வகுக்கணும், சுண்டெலின்னா 12.3 ஆல வகுக்கணும். முதல் முறையா மனுஷனுக்குக் கொடுக்கிறப்ப பாதுகாப்பான அளவை மதிப்பிட வச்சிருக்கிற கணக்கு இது. வகுத்துப் பாருங்க: கிட்டத்தட்ட 5 கிராம் வரும். ஆனா இது 5 கிராம் பூ இல்லை, 5 கிராம் சாறு! காய்ஞ்ச பூவை கப்புல போட்டு ரெண்டு நிமிஷம் வெந்நீர் ஊத்தினா அதுல எவ்வளவு இறங்கும்? கடைக்குக் கடை, பூவுக்குப் பூ மாறும். பாக்கெட்ல எவனும் அதை அச்சடிக்கிறதில்லை.

இதை நான் இவ்வளவு இழுக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்க மாமா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். வயசு 54. எட்டு வருஷமா சர்க்கரை. போன வருஷம் யாரோ ஃபார்வர்டு பண்ணின வீடியோவைப் பார்த்துட்டு ஆவாரம்பூ டீயில இறங்கினாரு. நல்ல விஷயம்தானே? ஆனா டீ உள்ளே வந்ததும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போட ஆரம்பிச்சுட்டாரு. யாருக்கும் சொல்லலை. மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் 7.4-ல இருந்து 9.1-க்குப் போனப்புறம்தான் அத்தைக்கே தெரிஞ்சது. "இங்கிலீஷ் மருந்து கெமிக்கல் மாப்ள. இது இயற்கை"ன்னாரு என்கிட்ட.

மாமாவுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன். அந்த 'கெமிக்கல்' மெட்ஃபார்மினே ஒரு பூச்செடியில இருந்து பொறந்ததுதான்! ஐரோப்பாவுல 'காலேகா'ன்னு ஊதாப் பூ பூக்கிற ஒரு செடி. ஆடு மாடு மேய்ஞ்சா விஷம். அதுல இருக்கிற குவானிடின் சரக்கு சர்க்கரையை இறக்கும்னு தெரிஞ்சுது. ஆனா அப்படியே கொடுத்தா ஆளையே இறக்கிடும். அந்தக் குடும்பத்துலயே சாதுவான ஒரு மூலக்கூறுதான் மெட்ஃபார்மின், 1922-ல டப்ளின்ல வெர்னர், பெல்னு ரெண்டு பேர் அதை உருவாக்கினாங்க. அப்புறம் அதை எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. 1957-ல ழான் ஸ்டெர்ன்ங்கிற பிரெஞ்சு டாக்டர் மனுஷங்களுக்குக் கொடுத்து ரிசல்ட்டை வெளியிட்டாரு. அமெரிக்கா 1994 கடைசியிலதான் அனுமதி கொடுத்துச்சு. ஒரு பூவுல இருந்து மாத்திரை வர இவ்வளவு வருஷம். ஆவாரை அந்த ரோட்டுல இன்னும் முதல் ஒண்ணு ரெண்டு ஸ்டாப்லதான் நிக்குது.

எலி முடிஞ்சதும் மனுஷப் பரீட்சை எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க வெளியூர் போக வேண்டாம், சென்னை போதும். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற விளிம்புல நின்ன 531 பேரை நாலு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு குரூப்புக்கு நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. ஒண்ணுக்கு மெட்ஃபார்மின். ஒண்ணுக்கு ரெண்டுமே. சுமார் மூணு வருஷம் ஓடிச்சு. 2006-ல ரிசல்ட். சும்மா விட்ட குரூப்ல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. நடந்தவங்கள்ல 39.3. மாத்திரை போட்டவங்கள்ல 40.5. ரெண்டும் செஞ்சவங்கள்ல 39.5. ரெண்டையும் சேர்த்தா டபுள் லாபம்னு நினைச்சோம்ல? இல்லை! இதெல்லாம் எந்த எலியும் முன்கூட்டி சொல்லியிருக்காது.

ஆவாரையோட வில்லனும் சர்க்கரைக்கு வந்தான்

இது கொஞ்சம் சைடு ட்ராக்... ஆனா எங்க ஊர்க்காரனா இதைச் சொல்லாம போக முடியாது. டேனரியில ஆவாரம்பட்டையோட வேலையைப் பறிச்சது யாரு? குரோமியம். குழியில வாரக்கணக்குல ஊறினது டிரம்ல ஒரு நாள்ல முடிஞ்சுது. அந்தக் குரோமியமும் சர்க்கரைக்கு மருந்துன்னு மார்க்கெட்டுக்கு வந்துச்சுன்னா நம்புவீங்களா? அதுக்கும் காரணம் எலிதான்!

1950-கள் கடைசியில அமெரிக்காவுல ஷ்வார்ஸ், மெர்ட்ஸ்னு ரெண்டு பேரு, ஒரு வகை ஈஸ்ட் தீனி தின்ன எலிகளுக்கு சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டுப் போறதைப் பார்த்தாங்க. குரோமியம் கொடுத்ததும் சரியாச்சு. உடனே 'குரோமியம் மனுஷனுக்கு அத்தியாவசியம்'னு பாடப் புத்தகம் வரைக்கும் போயிடுச்சு. ஜிம் கடையில குரோமியம் பிகோலினேட் மாத்திரை டப்பா டப்பாவா வித்தாங்க. ஆனா பழைய ஆய்வுல எலிக் கூண்டுல இருந்து எவ்வளவு குரோமியம் கலந்ததுன்னு யாரும் அளக்கலையே? எவர்சில்வர்லயே குரோமியம் இருக்கே! 2011-ல அலபாமா பல்கலைக்கழகத்துல உலோகமே இல்லாத கூண்டு செஞ்சு, முடிஞ்ச அளவு குரோமியம் இல்லாத தீனி போட்டு எலியை வளர்த்தாங்க. ஒண்ணும் ஆகலை, எலி நல்லாத்தான் இருந்துச்சு. 2014-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 'இது அத்தியாவசியம்ங்கிறதுக்கு ஆதாரம் இல்லை'ன்னு அறிவிச்சுது. அம்பது வருஷக் கதை, கூண்டுக் கம்பியைக் கவனிச்சதுல கவுந்துச்சு.

தப்பா புரிஞ்சுக்காதீங்க. நான் சொன்னது மூணு எலக்ட்ரான் இழந்த குரோமியம். தோல் பதனிடுறதும் அதுலதான். ஆறு எலக்ட்ரான் இழந்தது வேற ரகம். குடிதண்ணியில அதைக் கலந்து கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை அமெரிக்க அரசு ஆய்வு 2008-ல காட்டுச்சு. ராணிப்பேட்டையில 1995-ல மூடின குரோமேட் ஃபேக்டரி விட்டுட்டுப் போன லட்சக்கணக்கான டன் கழிவு மலையில இருக்கிறது அந்த ரகம். அது தனிக் கட்டுரை.

எலி பாஸ், மனுஷன் ஃபெயில்

எலி ஒரு மருந்துக்கு பாஸ் மார்க் போட்டா, மனுஷனும் போடணும்னு கட்டாயம் இல்லை. 1994-ல லெப்டின் ஹார்மோனைக் கண்டுபிடிச்சப்ப, பிறவியிலேயே குண்டான ஓபி எலிக்கு அதை ஊசி போட்டதும் சரசரன்னு எளைச்சுது. மறு வருஷமே ஒரு கம்பெனி உரிமைக்கு 2 கோடி டாலர் கொடுத்துச்சு. 1999-ல மனுஷங்கள்ல பார்த்தா புஸ்! ஏன்னா குண்டான மனுஷங்கள்ல பெரும்பாலானவங்க உடம்புல லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கு, மூளைதான் அதைக் கேட்கலை. லெப்டினே சுரக்காத அபூர்வமான சில குழந்தைகளுக்கு மட்டும் அது உயிர் கொடுத்துச்சு.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. எலி மனுஷனைக் காப்பாத்தின கதை. 1990-கள்ல ஹைதராபாத் டாக்டர் ரெட்டிஸ் கண்டுபிடிச்ச ராகாகிளிடசார், சர்க்கரை, கொழுப்பு ரெண்டையும் ஒரே நேரத்துல இறக்குற மருந்து. டென்மார்க் நோவோ நார்டிஸ்க் அதை லைசென்ஸ் வாங்கி மனுஷப் பரிசோதனையோட கடைசிக் கட்டம் வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. இந்தியாவுல பொறந்த முதல் உலக மருந்துன்னு பேப்பர்ல எல்லாம் பேச்சு. 2002-ல நீண்ட நாள் மருந்து சாப்பிட்ட எலிகளுக்கு சிறுநீர்ப்பையில கட்டி. அவ்வளவுதான், ஸ்டாப்! அந்தக் குடும்பத்துல இருந்தே வந்த இன்னொரு மருந்து, அகமதாபாத் சைடஸ் கம்பெனியோட சாரோகிளிடசார். 2013-ல இந்தியாவுல அனுமதி வாங்குச்சு. அதுக்கப்புறம் கோலின் இல்லாத கொழுப்புத் தீனி தின்னு கல்லீரல் கெட்ட சுண்டெலிகள்ல அதைப் பரிசோதிச்சு, பழைய ரெண்டு மருந்தோட ஒப்பிட்டு 2018-ல வெளியிட்டாங்க. 2020-ல குடிக்காமலே வர்ற கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் இங்கே அனுமதி கிடைச்சுது.

இப்ப எல்லார் வாயிலயும் இருக்கிற மவுஞ்சாரோ? 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்துச்சே, அந்த ஊசிதான். அதோட ஆரம்ப கால ஆய்வு 2018-ல வந்துச்சு. அதுலயும் ஹீரோ யாருன்னு நினைக்கிறீங்க? கொழுப்புத் தீனி தின்னு குண்டான அதே சுண்டெலி!

"ஆனா ஏமாறாம டெஸ்ட் பண்றதுதான்டா கஷ்டம்"னாங்க அக்கா. உதாரணத்துக்கு, ஆவாரம்பூ சாறு துவர்க்கும். அதைத் தீனியில கலந்தா எலி மூஞ்சியைச் சுளிச்சுட்டுக் கம்மியா சாப்பிடும். கம்மியா சாப்பிட்டா எடை குறையும், சர்க்கரை குறையும். 'ஆஹா, மூலிகை வேலை செய்யுது!'ன்னு நாம பேப்பர் எழுதிடுவோம். அதைப் பிடிக்கத்தான் 'ஜோடித் தீனி'ன்னு ஒரு தந்திரம். மருந்து எலி இன்னிக்கு எவ்வளவு சாப்பிட்டுச்சோ, அதே அளவு மட்டும் மருந்தில்லாத இன்னொரு எலிக்கு. அப்புறமும் வித்தியாசம் இருந்தா அதுதான் மருந்து. அதே மாதிரி எந்த எலிக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடணும். அளக்கிறவருக்கு எது மருந்து எலின்னு தெரியக் கூடாது. பட்டினி போட்டு, குளுக்கோஸ் கரைசல் ஊட்டி, 15, 30, 60, 120-வது நிமிஷம் வால் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி குளுக்கோமீட்டர்லயே பார்க்கலாம்.

எனக்கு உறுத்துற விஷயம் வேற. 60 சதவீதம் கொழுப்புங்கிறது யார் தட்டு? 2025-ல வந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு, நம்ம கலோரியில சுமார் 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருதுன்னு சொல்லுது. ஆம்பூர் பிரியாணியை வேணா கொழுப்புத் தீனின்னு சொல்லலாம். அதை தினமும் யார் சாப்பிடுறா? (சரி, சில பேர் சாப்பிடுறாங்க!) ஷூ கம்பெனிக்கு டிபன் பாக்ஸ் கட்டிட்டுப் போற அக்காங்க தினமும் சாப்பிடுறது மலை மாதிரி சோறு, மேல குழம்பு, ஓரமா பொரியல். பகல் பூரா மெஷின் முன்னாடி உட்கார்ந்த வேலை. இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை, 13.6 கோடிப் பேர் விளிம்புலன்னு அதே ஆய்வு 2023-ல சொன்னப்ப, அவங்க எல்லாம் பன்றிக் கொழுப்பு தின்னவங்க இல்லை.

அதுக்கும் ஒரு எலி இருக்கு! இந்தக் கட்டுரைக்காகப் படிச்சதுலயே என்னைத் தூங்க விடாதது இதுதான். விஸ்டார் எலிகளை 50 தலைமுறைக்கு அரை வயித்துலயே வளர்த்தாங்க. அந்தக் குட்டிகள் சின்னதா பொறந்துச்சு, ஆனா உடம்புல இன்சுலின் அதிகம், கொழுப்பு அதிகம். அப்புறம் ரெண்டு தலைமுறைக்கு வயிறு நிறைய நல்ல தீனி போட்டாங்க. சரியாகலை! புனே டாக்டர் யாஜ்னிக்கும் சேர்ந்து எழுதின அந்த ஆய்வு 2015-ல வந்துச்சு. எங்க தாத்தா காலத்துக் கஞ்சியும், எங்க காலத்துப் பரோட்டாவும் ஒரே ரத்தத்துல சந்திச்சா என்ன ஆகும்னு கேட்டா, அந்த எலியைத்தான் காட்டணும்.

மாமா இப்போ முழு மாத்திரை போடுறாரு. டாக்டர்கிட்ட டீ விஷயத்தையும் ஒளிக்காம சொல்லிட்டாரு. டாக்டர் திட்டலை. "குடிங்க, ஆனா மாத்திரையைக் குறைக்கிறதா இருந்தா நான்தான் குறைப்பேன். சர்க்கரை திடீர்னு இறங்கினாலும் ஆபத்து. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி பார்த்துடுங்க"ன்னு மட்டும் சொன்னாரு. காலையும் தொட்டுப் பார்த்திருக்காரு. சர்க்கரை ஏறி ஏறி நரம்பு மரத்துப் போனா, செருப்புக்குள்ள ஆணி இருந்தாலும் தெரியாது. அப்படி மரத்துப் போன காலுக்கு மெத்துன்னு ஒரு ரப்பர் செருப்பு உண்டு, 'எம்.சி.ஆர்'னு சொல்லுவாங்க. தொழுநோயாளிகளுக்காக எங்க ஊர்ப் பக்கம் சி.எம்.சி.யிலயும் கரிகிரியிலயும் அந்தக் காலத்துல பால் பிராண்டு மாதிரி டாக்டர்கள் மெனக்கெட்ட வேலையோட வாரிசு அது. வருஷம் பூரா வெளிநாட்டுக் காலுக்கு ஷூ வெட்டுற மாமாவுக்கு அதைப் பத்தித் தெரியவே தெரியாது.

நான் இந்த எலிக் கதை எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "ஏன் மாப்ள, ரிசல்ட் வந்ததும் அந்த எலியை எல்லாம் வெளியே விட்டுடுவாங்களா?"

இல்லை மாமா. கல்லீரல்லயும் கணையத்துலயும் என்ன ஆச்சுன்னு பார்க்கணுமே. வலியில்லாம முடிச்சுட்டு, அறுத்து, மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க. எத்தனை எலி, ஏன் அத்தனை, வேற வழி இருக்கான்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு காலேஜ்லயும் ஒரு நெறிமுறைக் கமிட்டிகிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். 2023-ல நம்ம சட்டத்தை மாத்தி, எலி இல்லாத டெஸ்ட்டுகளுக்கும் கதவைத் திறந்து விட்டிருக்காங்க.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. நாள் பூரா தோலோட புழங்குற மனுஷன். "அப்போ அந்தக் கணக்கையாவது சரியாப் போடச் சொல்லு"ன்னுட்டு மாத்திரை டப்பாவை எடுக்க உள்ளே போயிட்டாரு.